ஒரு கல் இடம்

இருபத்தோராயிரத்து நூற்றைம்பது. பெட்டியின் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டு, நடையின் திருப்பத்தில் முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் வர முடியாமல் நின்றபோது அவன் தலைக்குள் ஓடியது அந்தத் தொகைதான். பெட்டிக்குள் கிடக்கும் அண்ணன் அவனுக்குத் தரவேண்டிய கூலிப் பாக்கி. வேறு எதையாவது நினைக்கப் பார்த்தான். சின்ன வயதில் அண்ணன் தோளில் உட்கார்ந்து போனது, அது இது என்று. எதுவும் நிற்கவில்லை. தொகை மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

"மாப்ளே, கொஞ்சம் ரிவர்ஸ் எடு" என்றார் தலைமாட்டில் நின்ற லாரி மாமா. அண்ணியின் கூடப்பிறந்தவர். முப்பது வருடம் லாரி ஓட்டியவர். "லெஃப்ட்ல ஒடி. இன்னும் ஒடி. அப்படியே வா, வா, வா... நில்லு!"

பெட்டியின் மூலை கடைச்சுவரில் உரசியது. செங்கல் தூள் அவன் மணிக்கட்டில் கொட்டியது.

"போவாது மாமா."

"உள்ள வந்துச்சுல்ல? வந்தது எப்படிப் போவாமப் போவும்?"

வந்தது உண்மைதான். காலையில் காலிப் பெட்டியை இரண்டு பேர் நிமிர்த்தி நிறுத்தி, பீரோவைக் கொண்டுவருகிற மாதிரி கட்டிப்பிடித்துத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். திரும்பிப் போகும்போது அதற்குள் ஆள் இருப்பார் என்பது ஒருத்தருக்கும் தோன்றவில்லை. வந்திருந்ததில் பாதிப் பேர் கொத்து வேலைக்காரர்கள். எந்தக் கட்டில் எந்த வாசலில் நுழையும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்கிறவர்கள். அவனும்தான்.

பெட்டியை மறுபடி கூடத்துக்குக் கொண்டுபோய் இரண்டு ஸ்டூல்மேல் வைத்தார்கள். மணி பத்தேகால்.

"நிமித்திக் கொண்டுபோயிடலாம்" என்றார் மாமா. "நாலு கயிறு போட்டு உள்ள அசையாமக் கட்டிட்டோம்னா, ரெண்டு நிமிஷ வேலை."

சுவரோரம் உட்கார்ந்திருந்த அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். காலையிலிருந்து அவள் பேசவே இல்லை.

"அவரை நிக்க வெக்காதீங்க" என்றாள். "பதினாலு வயசுல சாரத்துல ஏறினவரு. நேத்து மத்தியானம் வரைக்கும் நின்னுக்கிட்டேதான் இருந்தாரு. இன்னைக்காவது படுத்துக்கிட்டுப் போகட்டும்."

"சரி, அப்போ ஆளை மட்டும் தூக்கிட்டுப் போயி வெளிய வெச்சு..."

"ரோட்டுலயா? ரோட்டுல வெச்சா அவரைப் பெட்டிக்குள்ள போடப் போறீங்க?"

கூடத்தில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் அந்தத் திருப்பத்துச் சுவரைப் பார்த்தார்கள். பிறகு அவனைப் பார்த்தார்கள். அந்தச் சுவரைக் கட்டியவன் அவன்தான்.

*

இருபத்துமூன்றரை நாள் கூலி. அண்ணன் இருபத்துமூன்று என்றார். அந்த அரை நாளுக்காக இருவரும் ஒன்றரை வருடம் பேசவில்லை.

இந்த வீட்டை வரைந்து கொடுத்தது பிளான் அம்மா. அப்படித்தான் சைட்டில் அவளைக் கூப்பிடுவார்கள். வயது முப்பத்தைந்துகூட இருக்காது. அஸ்திவாரம் தோண்டின மண்ணையே சலித்துச் சாந்தாக்குவாள். இடிக்கிற வீடுகளிலிருந்து கதவும் ஓடும் பொறுக்கி வருவாள். பல் டாக்டர் கிளினிக், ஒரு ரொட்டிக் கடை, நாலைந்து வீடுகள் எல்லாம் அவளும் அண்ணனும் சேர்ந்து கட்டியவை. அப்புறம் அண்ணனுக்கும் ஆசை வந்தது. மூன்று பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் நெருக்கும் ஒரு துண்டு நிலம். முன்னால் அண்ணியின் தையல் கடை, பின்னால் வீடு. தெருவாசலில் நுழைந்தால் கடையின் பக்கவாட்டிலேயே நடை போகும். கடை முடிகிற இடத்தில் அப்படியே அதன் முதுகுப்பக்கம் வளைந்து கூடத்துக்குள் திறக்கும். அந்த வளைவினால் தெருத் தூசியும் வெக்கையும் உள்ளே வராது. கடையில் ஆள் நின்றால் கூடம் தெரியாது. கடைச்சுவரில் செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்தாக நிறுத்தி, நடுவில் பொந்து விட்டு, மண்சாந்தில் வைத்து, வெளிவிளிம்பில் மட்டும் சுண்ணாம்பு இழுத்தது. பூச்சு கிடையாது. அதனால் பார்க்கிறவர்கள் எல்லாம் ஒரே கேள்விதான் கேட்பார்கள். இன்று காலை பெட்டியை ஏற்றிப்போக வந்த வண்டிக்காரரும் இறங்கியதும் அதையே கேட்டார்: "பாவம், வேலை முடியறதுக்குள்ள போயிட்டாரா?"

அந்தக் கடைச்சுவரின் மூலை எழுந்தபோதுதான் தகராறு. அண்ணன் முந்தின நாள் சாயந்திரம் நூல் கட்டிவிட்டுப் போனார். அவன் காலையில் வந்து அந்த நூலுக்கு மூன்று வரி கல் வைத்தான். அண்ணன் வந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஒரு கல் உள்ள தள்ளியிருக்கு. பிரிச்சு, நடைப் பக்கம் ஒரு கல் நகர்த்தி வை."

"நீ கட்டின நூலுக்குத்தாண்ணே வெச்சேன்."

"நூலு அங்கயா இருந்துச்சு? நீ அசைச்சிருப்ப."

பிரித்து நகர்த்தி வைக்கும்போது மதியச் சாப்பாட்டு நேரமாகிவிட்டது. அன்றைக்கு அதைப் பற்றி யாரும் பேசவில்லை. வேலை முடிந்து கணக்குப் பார்த்தபோது, பதினோரு பேர் நடுவில், அண்ணன் அந்த அரை நாளைக் கழித்தார். "தப்பைத் திருத்தற வேலைக்குக் கூலி கிடையாது. தொழில்ல யாருக்கும் கிடையாது."

அவன் கரணையைக் கீழே போட்டுவிட்டு வந்துவிட்டான். மிச்சக் கூலியையும் வாங்கவில்லை. அரை நாள் போனது கூடப் பெரிதில்லை. நூலை அசைத்தோமா இல்லையா என்பது அவனுக்கே தெரியவில்லை. பிளானை விரித்துப் பார்க்கலாம். ஆனால் அப்போது அவனுக்கு எழுத்து தெரியாது. இருபத்தெட்டு வருடமாகப் பிளானை அண்ணன் படிப்பார், அவன் கல் வைப்பான். தன் கையின்மேல் தனக்கே சந்தேகம் வந்தபின் வேலை செய்வது லேசில்லை. வேறு சைட்டில் முதல் வாரமே பிளானைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றான். சித்தாள்கள் சிரித்தார்கள். அன்று வீட்டுக்குப் போய் மகளின் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினான். நாற்பத்தாறு வயதில்.

நேற்று மத்தியானம் பிளான் அம்மாதான் போன் செய்தாள். அண்ணன் தண்ணீர் குடிக்க மணல் குவியலில் உட்கார்ந்தாராம். எழுந்திருக்கவில்லையாம்.

*

"உடைச்சிடலாமா?" என்றார் மாமா. "மண்ணுதானே. நாலு சம்மட்டி போட்டா விழுந்துடும்."

"உடைக்க வேணாம்" என்றான் அவன். தன் வாயிலிருந்து அது வந்ததே அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. இந்தச் சுவர் ஒரு மழை தாங்காது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் அவன். "பிரிக்கலாம். சிமெண்டா இருந்தா உடைக்கணும். இது மண்ணு. கல்லு முழுசா வரும். கூரையைத் தாங்கறது தூணுங்கதான், இது வெறும் தடுப்பு. மூலையில இடுப்பு உயரம் வரைக்கும் இறக்கினாப் போதும். பெட்டியைத் தூக்கிப் பிடிச்சா, சுவருக்கு மேலாலயே திரும்பிடும்."

"எவ்ளோ நேரம்?"

"அரை நாள்" என்றான். சொன்னபிறகு தான் சொன்னது காதில் விழுந்தது.

மாமா வெளியே போய் வண்டிக்காரரிடம் பேசினார். "காத்திருந்தா வெயிட்டிங் போடுவேன்" என்று அவர் சொல்வதும், "போடு, அந்த ஆளு இனிமே எங்கயும் அவசரமாப் போகப் போறதில்ல" என்று மாமா சொல்வதும் உள்ளே கேட்டது. யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

முதலில் கடையைக் காலி செய்ய வேண்டும். ஷட்டரைத் தூக்கிவிட்டு அவனும் இரண்டு ஆட்களும் உள்ளே போனார்கள். ஒன்றரை வருடத்தில் இந்தக் கட்டடத்துக்குள் அவன் கால் வைத்தது நேற்றுதான் முதல் தடவை. கடைக்குள் இப்போதுதான். வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே தண்ணீர்ப் பானைக்குள் கை விட்ட மாதிரி ஜில்லென்று இருந்தது. இது எப்படி என்று அவனுக்குப் புரியவில்லை. அவன் வைத்த கல்தான். அவன் விட்ட பொந்துதான். ஆனால் இதை அவன் கட்டிய மாதிரி இல்லை.

தையல் மிஷினை நகர்த்தினார்கள். துணி வெட்டுகிற பெரிய மேசையை நகர்த்தப் போனால் வரவில்லை. இரண்டு சுவருக்கும் நடுவில் அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்திருந்தது. ஒரு பக்கம் தூக்கிச் சாய்த்துத்தான் எடுக்க முடிந்தது.

சுவரில் ஒரு ஆணியில் மாதிரிக் காகிதங்கள் தொங்கின. சட்டைக்கு வெட்ட வைத்திருக்கும் கெட்டிக் காகிதங்கள். கை, காலர், முன்பக்கம். அவற்றைக் கழற்றும்போது ஒன்று திரும்பியது. ஒரு பக்கம் அண்ணி பேனாவில் 'முதுகு, பெரிய சைஸ்' என்று எழுதியிருந்தாள். மறுபக்கம் நீலக் கோடுகள்.

பழைய பிளான். வேலை முடிந்ததும் அதை வெட்டி மாதிரிக்கு எடுத்துக்கொண்டிருக்கிறாள். தோள் வளைவுக்காக வெட்டியதில் சமையலறை பாதி போய்விட்டது. ஆனால் கடையும் நடையும் முதுகின் நட்டநடுவில் முழுசாக இருந்தன. இரண்டு கோட்டுக்கு நடுவில் ஒரு அம்புக்குறி. அதன்மேல் எழுதியிருந்ததை அவன் எழுத்துக் கூட்டிப் படித்தான். நடை. அதன் கீழே சென்டிமீட்டரில் ஓர் எண். நூற்றிருபது.

பையிலிருந்து டேப்பை எடுத்தான். நடைக்குப் போய்ச் சுவருக்குச் சுவர் பிடித்தான். தொண்ணூற்றேழு. டேப்பை விட்டுவிட்டு மறுபடி பிடித்தான். தொண்ணூற்றேழு. இடையில் இருபத்துமூன்று. ஒரு கல்.

நூலை அவன் அசைக்கவில்லை. நூல் சரியான இடத்தில்தான் இருந்தது. அவனும் சரியாகத்தான் வைத்தான். சரியாக இருந்ததைப் பிரிக்கச் சொல்லித் தப்பாக வைக்கச் சொன்னது அண்ணன். நூற்றிருபது இருந்திருந்தால் பெட்டி இந்நேரம் தாராளமாகத் திரும்பிப் போயிருக்கும்.

அவன் நடையில் டேப்போடு நின்றான். கூடத்தில் அண்ணன் கால் தெரிந்தது. யாரிடம் காட்டுவது? யாரைக் கேட்பது? ஒன்றரை வருடமாக இந்த ஒரு விஷயத்துக்குத்தான் காத்திருந்தான். அது கைக்கு வந்தபோது அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"என்ன மாப்ளே, அளந்துக்கிட்டே நிக்கற?"

"ஒண்ணுமில்ல மாமா."

*

அண்ணியிடம் துணியில் கோடு போடும் கட்டி கேட்டு வாங்கினான். நீலத்தில் ஒன்று, வெள்ளையில் ஒன்று. மேல் வரியிலிருந்து ஆரம்பித்தான். விளிம்புச் சுண்ணாம்பைச் சுரண்டி, கரணைப் பிடியால் இரண்டு தட்டுத் தட்டினால் கல் பல் ஆடுகிற மாதிரி ஆடியது. ஆட்டி எடுத்து, மண்ணைத் தட்டி, நம்பர் எழுதினான். மேல் வரி ஒன்று, கல் ஒன்று. மேல் வரி ஒன்று, கல் இரண்டு.

பிளான் அம்மா எப்போது வந்தாளோ தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கல்லை வாங்கக் கையை நீட்டினாள். அவன் கொடுத்தான். அவள் வாங்கிக் கூடத்து ஓரத்தில் வரிசையாக அடுக்கினாள். அவள் கண் வீங்கியிருந்தது.

"என்னாலதான் சின்ன மேஸ்திரி" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "வளைவு வேணும்னு நான்தான் போட்டேன். மனுஷன் படுத்துக்கிட்டும் இந்த வழியாப் போகணும்னு யோசிக்கவே இல்ல."

அவன் அடுத்த கல்லைத் தட்டினான்.

"நான் போட்ட அகலத்துக்கு ஒருவேளை திரும்பியிருக்கும். அதுதான் ஒரு கல் கம்மியாயிடுச்சே."

"அது எப்படிம்மா கம்மியாச்சு?"

அவள் சங்கடமாகப் பார்த்தாள். "இப்போ எதுக்கு அதெல்லாம்?"

"சும்மா சொல்லுங்க."

"நான் அன்னைக்கு மத்தியானம் வந்து, சுவர் ஏன் நடைக்குள்ள வந்திருக்குன்னு கேட்டேன். மேஸ்திரி கொஞ்சம் திணறினாரு. அப்புறம், தம்பி தப்பா வெச்சுட்டான்மா, பிரிக்கச் சொல்லட்டான்னாரு. நான்தான், பரவால்ல, சின்ன மேஸ்திரி பாவம், விடுங்கன்னேன்." அவள் கல்லை வாங்கிக்கொண்டே சொன்னாள். "அதை நெனைச்சு நீங்க வருத்தப்படாதீங்க. எல்லாரும் தப்புப் பண்றதுதான்."

அவனுக்குச் சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது. வேறு என்னவோ வருகிற மாதிரியும் இருந்தது. கடைசியில் ஒன்றும் வரவில்லை. அண்ணன் யாருக்கும் பயந்த ஆளில்லை. மூன்று மாடிச் சாரத்தில் நின்று பீடி பற்ற வைக்கிறவர். இந்தப் பெண்ணிடம் மட்டும் ஒரு பொய் சொல்லியிருக்கிறார். சொன்னதைக் காப்பாற்ற அந்த அரை நாளைக் கழித்திருக்கிறார். கொடுத்தால் பொய் என்று ஆகிவிடுமே. ஆனால் முதலில் எதற்காகச் சுவரை நகர்த்தினார்? பிளானில் விரல்கடை மாறினால் கத்துகிற மனுஷன், தானே எதற்காக ஒரு கல் திருடினார்?

"வரி ஆறு, கல் நாலு" என்றான். அவள் அடுக்கினாள்.

இடுப்பு உயரத்துக்கு இறங்கியபோது மணி ஒன்றே முக்கால். நாலு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். மாமா இந்தத் தடவை வாயே திறக்கவில்லை, கையை மட்டும் மெதுவாக அசைத்து அசைத்துக் காட்டினார். மூலையில் பெட்டியின் தலைமாடு சுவருக்கு மேலாக நகர்ந்து, காலியான கடைக்குள் ஒரு கணம் எட்டிப்பார்த்தது. மேசை இருந்த இடத்துக்கு மேலே. பிறகு திரும்பி, தெருவுக்கு இறங்கியது.

அண்ணி வாசல்வரை வந்தாள். சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

*

எல்லாம் முடிந்து திரும்பும்போது வெயில் இறங்கியிருந்தது. பிளான் அம்மா போகுமுன் அவனைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "பாதி பிரிச்சாச்சு. மீதியையும் பிரிச்சுட்டு, சரியான அளவுக்கே வெச்சுடலாமா? நான் நாளைக்கு ஆள் அனுப்பறேன்."

"யோசிச்சுச் சொல்றேம்மா" என்றான்.

கூடத்தில் அண்ணியும், அவனுடைய மனைவியும், நம்பர் போட்ட கற்களும் இருந்தார்கள். அண்ணி எழுந்து உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"உங்களுது. அன்னைக்கே எடுத்து வெச்சாரு. எவ்ளோ கஷ்டம் வந்தும் தொடல. போன மாசம் பல்லு புடுங்கறதுக்குக்கூடத் தொடல."

அவன் எண்ணினான். வேண்டுமென்று எண்ணவில்லை, கை தானாக எண்ணியது. இருபதாயிரத்து எழுநூறு.

"அரை நாள் இதுல இல்ல" என்றாள் அண்ணி. "நான் எத்தனையோ தடவை சொன்னேன், போட்டுடுங்க, தம்பிதானேன்னு. போடவே இல்ல. டப்பாவைத் தொறந்து பாப்பாரு. மூடி வெச்சுடுவாரு."

அவன் தலையை ஆட்டினான். டப்பாவை மூடி மனைவியிடம் கொடுத்தான். அன்று பொழுது இருக்கிற வரைக்கும் கற்களில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தான். பிறகு அந்த மண்ணையே கூட்டி அள்ளித் தண்ணீர் ஊற்றி ஊற வைத்தான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வந்துவிட்டான். அண்ணனின் தூக்குக்குண்டும் ரசமட்டமும் ஒரு சாக்குப்பையில் இருந்தன. நேற்று பிரிக்கும்போது தன் கரணையைத்தான் எடுத்தான். இன்று அண்ணனுடையதை எடுத்தான். பிடி தேய்ந்து, அவன் கைக்குப் பெரிதாக இருந்தது.

நின்ற சுவரின் தலையை நனைத்தான். மீதியைப் பிரித்து நகர்த்துவதா, இதன்மேலேயே வைப்பதா? முதுகுக் காகிதத்தை எடுத்து அந்த நூற்றிருபதைப் பார்த்தான். திரும்பி, ஷட்டர் பக்கம் சாய்த்து வைத்திருந்த மேசையைப் பார்த்தான். டேப்பை எடுத்து மேசையின் நீளத்தைப் பிடித்தான். பிறகு கடையின் அகலத்தைப் பிடித்தான். அதிலிருந்து மனதுக்குள் ஒரு கல்லைக் கழித்துப் பார்த்தான். கழித்தால் மேசை நுழையாது.

கொஞ்ச நேரம் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். பிறகு காகிதத்தை ஆணியிலேயே மாட்டினான், எழுத்துப் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி. முதுகு, பெரிய சைஸ். பிளான் அம்மாவுக்குப் போன் போட்டு ஆள் வேண்டாம் என்றான். மண்ணை ஒரு தடவை மிதித்துப் பார்த்துவிட்டு, அடி வரியிலிருந்து நம்பர் பார்த்து ஒவ்வொரு கல்லாக வைக்க ஆரம்பித்தான்.

அண்ணி டீ கொண்டுவந்தாள். குடிக்கும்வரை நின்றாள். அப்புறமும் போகவில்லை. கற்களை எடுத்துக் கொடுத்தாள். கல்யாணமான புதிதில் அவளும் சித்தாள் வேலைக்கு வந்தவள்தான். கல்லை எந்தப் பக்கம் பார்த்து நீட்ட வேண்டும் என்று தெரியும்.

பன்னிரண்டுக்குக் கடைசிக் கல் உட்கார்ந்தது. விளிம்பில் சுண்ணாம்பு இழுத்துவிட்டு, ரசமட்டத்தை வைத்துப் பார்த்தான். குமிழி நடுவில் நின்றது.

"நேத்து அரை நாள், இன்னைக்கு அரை நாள்" என்றாள் அண்ணி. "அதோட அந்தப் பழைய அரை நாள். ஒன்றரை நாள் கூலி. மிஷின் டிராயர்ல இருக்கு, எடுத்துட்டு வரேன்."

"தப்பைத் திருத்தற வேலைக்கு ஏது அண்ணி கூலி?"

அவள் நின்றுவிட்டாள். முந்தானையை விரலில் சுற்றினாள், பிரித்தாள்.

"தப்பு... அது வந்து தம்பி, அன்னைக்கு முந்தின ராத்திரி நான்தான் அவர்கிட்ட, மேசைக்கு..."

"அந்தப் பக்கம் பிடிங்க அண்ணி" என்றான் அவன்.

இருவரும் மேசையைத் தூக்கினார்கள். ஒரு முனையை முதலில் இறக்கி, மறுமுனையைச் சுவரோரமாக மெல்ல அழுத்தினார்கள். ஈரச் சுண்ணாம்பில் படாமல் அது உள்ளே போய் உட்கார்ந்தது. மேசைக்கும் சுவருக்கும் நடுவே அவன் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தான். நுழையவில்லை.